கட்டத்துக்குள் அடங்காத காய்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டிலுள்ள புத்தகங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். பொருளியல் நூல்கள் ஒரு தட்டிலும், புள்ளிவிவர அறிக்கைகள் இன்னொரு தட்டிலும், இலக்கியம் மூன்றாவது தட்டிலும் இடம்பெற்றன. கடைசியில் ஒரு நூல் மட்டும் கையில் மிஞ்சியது. சதுரங்க நூல்தான், ஆனால் சதுரங்கம் ஆடக் கற்றுத் தருவதன்று. பார்வைக்குக் கணிதம்போல இருக்கும். கணித நூலும் அன்று. ஐந்து பழைய நூல்களை ஒன்றாகத் தொகுத்து, அமெரிக்காவின் டோவர் பதிப்பகம் 1973-இல் வெளியிட்ட அந்நூலின் ஆசிரியர் தாமஸ் ரேனர் டாசன். சதுரங்கப் புதிர் உலகில் அவர் பெயரை அறியாதவர் இல்லை.

எந்தத் தட்டிலும் சேராத நூலை எழுதிய இந்த மனிதர், தம் பணிக்காலத்தில் அறிவுச் செய்திகளை வகைப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். இந்த முரண்தான் அவருடைய வாழ்க்கையின்பால் என்னை ஈர்த்தது. மக்களையும் தொழில்களையும் வகைப்படுத்திக் கணக்கிடும் துறையில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில், அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு.

டாசன் 1889 நவம்பர் 28 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தார். அவருடைய முதல் சதுரங்கப் புதிர் 1907-இல் அச்சேறியது. இரண்டே நகர்வுகளில் செக்மேட் செய்யவேண்டிய, வழக்கமான விதிகளுக்கு உட்பட்ட புதிர் அது. ஆனால் ஒருசில ஆண்டுகளுக்குள் அவர் மனம் வேறு பாதையில் திரும்பியது. காய்களும் கட்டங்களும் விதிகளும் இப்போது இருப்பதைப்போலத்தான் இருக்கவேண்டுமா என்னும் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. அக்கேள்விக்கு விடையாகப் பிறந்த புதிர்களுக்கு, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹென்றி டேட் என்பவர் 1914-இல் ஃபேரி செஸ் என்று பெயர் சூட்டினார். தமிழில் மாயச் சதுரங்கம் என்று சொல்லலாம்.

மாயம் என்றதும் மனம்போன போக்கில் ஆடுவது என்று எண்ணிவிடக் கூடாது. டாசன் 1913-இல் வெளியிட்ட ஒரு காயையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் வெட்டுக்கிளி. ராணி செல்லும் எட்டுத் திசைகளிலும் அது செல்லும். ஆனால், வழியில் ஏதேனும் ஒரு காய் நிற்கவேண்டும். அந்தக் காயைத் தாண்டி, அதற்கு அடுத்த கட்டத்தில்தான் வெட்டுக்கிளி இறங்கமுடியும். அந்தக் கட்டத்தில் எதிரியின் காய் இருந்தால் வெட்டலாம். தன் பக்கத்துக் காய் இருந்தால் இறங்க முடியாது. வெற்றுப் பலகையில் ராணியைத் தனியே நிறுத்தினால் அதன் ஆற்றல் உச்சத்தை எட்டும். வெட்டுக்கிளியைத் தனியே நிறுத்தினால் அதனால் ஓர் அடிகூட நகர முடியாது. பிறர் இருப்பதால் மட்டுமே இயங்குகின்ற காய் அது.

1925-இல் அவர் நைட்ரைடர் என்ற காயை உருவாக்கினார. குதிரை ஒரு தாவலோடு நின்றுவிடும். நைட்ரைடர், இடையில் இறங்கும் கட்டங்கள் காலியாக இருக்கும்வரை, அதே திசையில் தாவிக்கொண்டே போகும். அவருக்குப் பின் வந்த புதிர் ஆக்குநர்கள் அனைவரும் இவ்விரு காய்களையும் தங்கள் அன்றாடச் சரக்காகவே ஏற்றுக்கொண்டனர்.

இவ்வாறு புதிய காய்கள் பெருகத் தொடங்கியதும் அவற்றை எப்படிப் பிரிப்பது என்ற சிக்கல் எழுந்தது. இத்துறையினர் அவற்றை மூன்று பெரும் குடும்பங்களாகப் பிரிக்கின்றனர். குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரே தாவலில் செல்பவை முதல் குடும்பம். குதிரை இதைச் சேர்ந்தது. ஒரு பக்கம் ஒரு கட்டமும் மறு பக்கம் மூன்று கட்டங்களும் தாவினால் அது ஒட்டகம். இரண்டும் மூன்றுமாகத் தாவினால் வரிக்குதிரை. ஒரே வகை நகர்வைத் தடை வரும்வரை தொடர்பவை இரண்டாம் குடும்பம். ராணி, கோட்டை, பிஷப், நைட்ரைடர் ஆகியவை இதில் அடங்கும். இன்னொரு காயைத் தாண்டுவதால் மட்டுமே நகர்பவை மூன்றாம் குடும்பம். வெட்டுக்கிளி அதன் தலைமகன்.

இந்த வகைப்பாட்டின் அழகு, பழையதையும் புதியதையும் ஒரே கண்ணோட்டத்தில் காட்டுவதுதான். ஐரோப்பாவுக்குச் செல்லும் முன்பு சதுரங்கத்தில் ராணி கிடையாது. குறுக்குவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகரும் மந்திரிதான் இருந்தார். அரபு நாடுகளில் ஆடப்பட்ட சதுரங்கத்தில் யானை, குறுக்குவாட்டில் இரண்டு கட்டங்கள் தாவியது. இன்றைய விதிகள் அவற்றைப் பலகையிலிருந்து அகற்றிவிட்டன. மாயச் சதுரங்கத்தின் பட்டியலிலோ அவை ஒட்டகத்துக்கும் வரிக்குதிரைக்கும் பக்கத்தில் முறையான இடத்தைப் பெற்றிருக்கின்றன. நாம் இயல்பு என்று கருதும் ஆட்டம், இயலக்கூடிய பல ஆட்டங்களில் ஒன்று மட்டுமே என்பதை அந்தப் பட்டியல் ஓசையின்றி உணர்த்துகிறது.

ஆனால் எந்த வகைப்பாட்டுக்கும் எல்லை உண்டு. சீனச் சதுரங்கத்தின் பீரங்கிக் காய், வெறுமனே நகரும்போது நம் கோட்டையைப்போல நேராகச் செல்லும். வெட்டும்போது மட்டும் இடையில் ஒரு காயைத் தாண்டவேண்டும். அது இரண்டாம் குடும்பமா, மூன்றாம் குடும்பமா? டாசன் அதை மாயச் சதுரங்கத்துக்குள் கொண்டுவந்ததோடு நில்லாமல், அதே நெறியில் பிஷப் வழியிலும் ராணி வழியிலும் செல்லும் உறவுக் காய்களையும் படைத்தார். இவருக்கு நன்கு பழக்கமான இன்னொரு காய், வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. இரு தரப்பினரும் அதைத் தம் காயாக நகர்த்தலாம். காய்களின் முதல் பிரிவினையான நிறத்தையே அது கேள்விக்கு உள்ளாக்கியது.

காய்களை மட்டுமின்றி விதிகளையும் அவர் மாற்றிப் பார்த்தார். பொருளியல் படித்தவர்கள் அவசியம் அறியவேண்டிய ஒரு விதியை அவர் 1913-இல் அறிமுகப்படுத்தினார். அந்த விதியின்படி, கறுப்புத் தரப்பு ஒவ்வொரு முறையும் தன்னால் இயன்றவற்றுள் மிக நீளமான நகர்வைத்தான் செய்தாகவேண்டும். தொலைவு, கட்டத்தின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கப்படும். சம நீளமுள்ள நகர்வுகள் பல இருந்தால் மட்டுமே தெரிவுரிமை உண்டு. எப்போதும் ஒன்றைப் பெருமமாக்கியே தீரவேண்டும் என்ற கட்டாயத்தில் இருக்கும் இந்த ஆட்டக்காரரை, எங்கள் பாடநூல்களில் வரும் பொருளியல் மனிதனோடு என்னால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அவருடைய அடுத்த செயலை எதிரி முன்கூட்டியே கணித்துவிடுகிறார். அவருடைய பெருமமாக்கலே அவரைப் பொறிக்குள் இட்டுச் செல்கிறது. இலாபத்தைப் பெருமமாக்குவதே அறிவுடைமை என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் வரைந்து காட்டியவனுக்கு, இந்த விதி ஒரு நல்ல மறுபாடம்.

டாசனின் பிழைப்பு சதுரங்கத்தால் நடக்கவில்லை. அவர் ரப்பர் துறையில் பணியாற்றினார். பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆராய்ச்சிச் சங்கத்தில் தகவல் பிரிவுக்குத் தலைமை வகித்தார். ரப்பரைப் பற்றி உலகெங்கும் வெளியான ஆய்வுக் கட்டுரைகளையும் காப்புரிமைகளையும் திரட்டி, பிரித்து, தேடுவோருக்கு உடனே கிடைக்கும்படி அடுக்கிவைப்பது அவர் பொறுப்பு. அதற்கென ஒரு வகைப்பாட்டு முறையையே அவர் வகுத்தார். ரப்பரின் இயற்பியல், வேதியியல் பண்புகளைத் தொகுத்து, போரிட் என்பவருடன் சேர்ந்து அவர் 1935-இல் வெளியிட்ட பெருநூல், அத்துறையின் கையேடாக விளங்கியது.

அக்காலத்து ரப்பரில் பெரும்பகுதி மலேயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறியது. அங்குள்ள தோட்டங்களில் மரத்தைக் கீறிப் பால் வடித்தவர்களில் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளர்கள். 1922 முதல் 1928 வரை நடைமுறையில் இருந்த ஸ்டீவன்சன் திட்டம் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. விலையைத் தாங்கிப் பிடிப்பதற்காக லண்டனில் எழுதப்பட்ட விதி, கடல் கடந்து வாழ்ந்த கூலிக் குடும்பங்களின் உலையைத் தொட்டது. விதியை மாற்றினால் ஆட்டம் மாறும் என்பது, பலகைக்கு வெளியேதான் அதிகம் வலிக்கின்ற உண்மை.

பணி நேரம் போக மீந்த பொழுதெல்லாம் டாசன் புதிர்களுக்கே செலவிட்டார். 1919 முதல் 1930 வரை ‘செஸ் அமெச்சூர்’ இதழில் மாயச் சதுரங்கப் பகுதியை நடத்தினார். 1930-இல் அவர் தொடங்கிய துணையிதழ் பிறகு ‘ஃபேரி செஸ் ரெவ்யூ’ என்று பெயர் மாறி, அவர் மறையும்வரை அவருடைய ஆசிரியப் பொறுப்பில் வெளிவந்தது. 1931 முதல் 1951 வரை ‘பிரிட்டிஷ் செஸ் மேகசின்’ இதழின் புதிர்ப் பக்கங்களும் அவர் கையில் இருந்தன. அவர் இயற்றியவற்றில் மாயச் சதுரங்கப் புதிர்கள் மட்டும் 5,320. மரபுவழிப் புதிர்கள் 885. இறுதியாட்ட ஆய்வுகள் முதலியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 6,400-ஐத் தாண்டும். சராசரியாக மூன்று நாள்களுக்குள் ஒரு புதிர் என்ற கணக்கில் நாற்பத்துநான்கு ஆண்டுகள் அவர் உழைத்திருக்கிறார்.

இந்த உழைப்பை நூலாக்க உதவியவர் சார்லஸ் மேசன் ஃபாக்ஸ். கார்ன்வால் பகுதியின் ஃபால்மவுத் நகரைச் சேர்ந்த வணிகரான அவர், டாசனோடு இணைந்து புதிர்களும் புனைந்தவர். 1935-இல் அவர் காலமான பிறகும், அவருடைய கொடையின் துணையால் டாசனின் நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. 1936-இல் டாசன் வெளியிட்ட நூல் ஃபாக்ஸின் புதிர்களைத் தொகுத்து அளித்த நன்றிக்கடன்.

டாசனின் வாழ்க்கையில் என்னை மிகவும் நெகிழவைப்பது 1915-ஆம் ஆண்டு. பிரிட்டனும் ஜெர்மனியும் பதுங்குகுழிகளில் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த அந்த ஆண்டில், ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து ஒரு சதுரங்க நூல் வெளிவந்தது. அதன் ஆசிரியர்கள் இருவர்: ஜெர்மானியரான ஹுண்ட்ஸ்டோர்ஃபர், ஆங்கிலேயரான டாசன். ஒரு நிலையைப் பார்த்து, அது எந்தெந்த நகர்வுகளால் உருவாகியிருக்க முடியும் என்று பின்னோக்கித் துப்பறிவது அந்நூலின் பொருள். பகை நாட்டுக் குடிமகன் என்ற வகைப்பாட்டுக்குள் அந்தக் கூட்டுழைப்பு அடங்கவில்லை.

அவர் விளையாட்டாக விதைத்தவை வேறு துறைகளிலும் முளைத்தன. மூன்றே வரிசைகள் கொண்ட பலகையில் இருபுறமும் சிப்பாய்களை மட்டும் எதிரெதிரே நிறுத்தி, வெட்ட முடிந்தால் வெட்டியே ஆகவேண்டும் என்று அவர் அமைத்த ஒரு சிற்றாட்டம் 1930-களில் வெளியானது. அதை ஆராய்ந்த கணிதவியலாளர் ரிச்சர்டு கை, செட்ரிக் ஸ்மித்துடன் சேர்ந்து 1956-இல் எழுதிய கட்டுரை, ஆட்டங்களின் கணிதக் கோட்பாட்டில் ஓர் அடிக்கல். கடைசியாக நகர்த்துபவரே வெல்வார் என்று விதியைச் சற்று மாற்றிக்கொண்டால், அந்த ஆட்டத்தின் போக்கு 34 என்ற எண்ணின் சுழற்சிக்குக் கட்டுப்படுவதை அவர்கள் கண்டனர். ரிச்சர்டு கை பின்னாளில் தில்லி ஐஐடியிலும் சில ஆண்டுகள் பணியாற்றியவர் என்பது நமக்கு ஒரு கூடுதல் செய்தி.

டாசன் 1951 டிசம்பர் 16 அன்று மறைந்தார். ஷிட்ரோவிட்ஸுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த ரப்பர் தொழில் வரலாறு அடுத்த ஆண்டு வெளிவந்தது. அவர் நடத்திய இதழ் 1958 வரை நீடித்தது. அவர் திறந்துவிட்ட கதவு மட்டும் மூடப்படவேயில்லை. 1979-இல் அப்துல் ஜப்பார் கர்வத்கர் என்னும் இந்தியர் ஒரு புதிய விதியை முன்வைத்தார். எதிரெதிர் நிறமுள்ள ஒரேவகைக் காய்கள் ஒன்றையொன்று தாக்கும் நிலையில் நின்றால், இரண்டும் முடங்கிப்போகும். நகரவும் முடியாது, வெட்டவும் முடியாது. அந்த விதிக்கு அவர் நம் சென்னையின் பழைய பெயரால் மதராசி என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் புதிர் ஆக்குநர்கள் அறிந்த சொல் அது. புதிர்களைச் சரிபார்க்கும் ‘பாப்பாய்’ என்னும் கணினி நிரலிலும் மதராசிக்கு இடம் உண்டு.

வகைப்பாட்டின் எல்லைக்கோடுகளும் காலப்போக்கில் நகர்ந்திருக்கின்றன. இரு தரப்பும் ஒத்துழைத்துக் கறுப்பு ராஜாவை வீழ்த்தும் புதிர்கள் டாசன் காலத்தில் மாயச் சதுரங்கத்தின் பகுதியாகக் கருதப்பட்டன. இன்று அவை தனித் துறையாக மதிக்கப்படுகின்றன. நேற்றைய விந்தை இன்றைய மரபாகிவிட்டது.

இவ்வளவையும் நான் சொல்வதற்கு என் சொந்தக் கடன் ஒன்று காரணம். 1980-களின் நடுவில், முனைவர் பட்ட ஆய்வுக்காகக் காவிரிப் பாசனப் பகுதியின் ஒரு சிற்றூரில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தேன். ஒரு வீட்டில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். விடியுமுன் எழுந்து வறட்டி தட்டினார். இரண்டு ஆடுகளை மேய்த்தார். அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கிச் சேர்த்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பார்த்துக்கொண்டார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். வேலை ஒன்றும் இல்லை தம்பி, வீட்டில்தான் இருக்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார். என் படிவத்தில் அவருக்கு ஏற்ற கட்டம் இல்லை. வீட்டுப் பணி மட்டும் செய்பவர் என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இதற்கு 92 என்றும், வீட்டுப் பணியோடு விறகு, சாணம் போன்றவற்றைச் சேகரிப்பவர்களுக்கு 93 என்றும் குறியீட்டெண்கள் உண்டு. எந்த எண்ணில் விழுந்தாலும் அவர் உழைப்பாளர் தொகைக்கு வெளியேதான் நிற்பார். அந்தப் பெண்மணியின் நாள் முழுவதையும் என் ஆய்வேட்டின் அட்டவணை சுழியமாக்கிவிட்டது. ஆய்வேடு பட்டம் பெற்றுத் தந்தது. பிழை படிவத்தில் மட்டும் இல்லை; பதிலுக்கும் கட்டத்துக்கும் பொருத்தமில்லை என்று கண்ணெதிரே தெரிந்தும் கேள்வியைத் திருத்தாத என்னிடமும் இருந்தது.

வெட்டுக்கிளியைப் பற்றிப் படித்த அன்று அந்த முகம் நினைவுக்கு வந்தது. தமக்கு ஏற்ற பெயரில்லாத காயை எதிர்கொண்டபோது டாசன் அதை இருக்கும் பெட்டிக்குள் திணிக்கவில்லை. அது உண்மையில் எப்படி நகர்கிறது என்று பார்த்தார். அதன்பிறகே பெயர் வைத்தார். நகர்வு முதலில், வகை பின்னர். வகைப்பாட்டை வெறுத்தவர் அல்லர் அவர். அதை ஆழ்ந்து அறிந்தவர் என்பதாலேயே அதன் குறைகளையும் அறிந்திருந்தார்.

இன்னொரு நெறியும் அவர் துறையில் உண்டு. மாயச் சதுரங்கப் புதிரில் எந்த விதி மாற்றப்பட்டிருந்தாலும், படத்துக்குக் கீழே அதை வெளிப்படையாக எழுதிவிடவேண்டும். எழுதப்படாத விதியைக்கொண்டு எவரையும் தோற்கடிக்கக் கூடாது. நம் நலத்திட்டங்களின் தகுதி வரையறைகளும் பணி ஒப்பந்தங்களின் நிபந்தனைகளும் இந்த நெறிக்கு எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதை, அலுவலக வாசல்களில் காத்திருப்போர் சொல்லக்கூடும்.

மாற்றமே வரவில்லை என்று சொல்ல முடியாது. மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் கேட்டறியும் கணக்கெடுப்பு 2019-இலும் 2024-இலும் நடந்தது. ஊழியரும் அல்லாத, முதலாளியும் அல்லாத, செயலிவழிப் பணியாளர்களை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு முதன்முறையாகப் பெயரிட்டு வரையறுத்தது. பீரங்கிக் காய்க்கு இடம் கிடைத்ததைப்போல, இரண்டுக்கும் நடுவில் நின்றவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. பெயர் கிடைத்தால் மட்டும் போதாது. அதற்குரிய உரிமைகளும் கிடைத்தாகவேண்டும்.

சதுரங்கக் காய்களைத் தவறாக வகைப்படுத்தினால் ஒரு புதிர் கெடும், அவ்வளவுதான். மனிதர்களைத் தவறாக வகைப்படுத்தினால் ஒரு கூலியோ ஓய்வூதியமோ கிடைக்காமல் போகும். இன்று களப்பணிக்குப் புறப்படும் ஆய்வு மாணவர்கள் என்னிடம் படிவத்தைக் காட்டி யோசனை கேட்பதுண்டு. கடைசிப் பக்கத்தை வெற்றுத் தாளாக விடுங்கள், எந்தக் கட்டத்திலும் சேராதவரைப் பற்றி அதில் நாலு வரி எழுதுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். டாசனின் நூலையும் அலமாரியில் எந்தத் தட்டிலும் வைக்கவில்லை. அது என் மேசைமீதே கிடக்கிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).